எழ முடியாத கன்றும் தூக்கி நிறுத்தும் கைகளும்

கன்று ஒன்று திடீரென எழுந்து நிற்க முடியாமல் கிடப்பது தனியொரு நோயின் பெயராகாது. கழிச்சல், பட்டினி, குளிர், நஞ்சு, தசைச் சிதைவு, நரம்புக் காயம், தொற்று எனத் தம்முள் உறவில்லாத பல காரணங்கள் வந்து முடியும் ஒரே தோற்றம் அது. ஆதலால் ஒரு கன்றை எழுப்பிய மருந்து, அதே தொழுவத்தில் அதே நிலையில் கிடக்கும் மற்றொரு கன்றைக் கொன்றுவிடவும் கூடும். தலையை நிமிர்த்திப் பார்க்கும் அளவுக்கு நினைவு தெளிந்திருந்தும் தன் முயற்சியால் எழ இயலாத மாட்டைக் கால்நடை மருத்துவம் தனி வகையாகப் பிரித்து ஆராய்கிறது. ஊர்வழக்கோ ‘மாடு விழுந்துவிட்டது’, ‘கன்று படுத்துவிட்டது’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு உடனே கோணிச் சாக்கையும் கயிற்றையும் தேடுகிறது. சாக்கை வயிற்றுக்கு அடியில் கொடுத்து நாலு பேர் தூக்கி நிறுத்துவது, மருந்துக் கடையில் ‘கால்சியம் பாட்டில்’ வாங்கி ஏற்றச் செய்வது, இரண்டும் பலிக்காதபோது காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது ஆகிய மூன்றும் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் வழங்கும் கைமுறைகள். கள்ளக்குறிச்சிச் சமவெளியையும் கல்வராயன் மலையையும் களமாகக் கொண்டு இவற்றை எடைபோடும்போது, மூன்றுமே பெரிய மாட்டுக்கென உருவாகிப் பின்னர் கன்றின் மேல் ஏற்றப்பட்டவை என்பது முதலில் கண்ணில் படுகிறது. கன்றைச் சிறிய மாடாகக் கருதுவதே இந்த வைத்தியத்தின் வேர்ப்பிழை.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, மாடு வளர்ப்பைப் பொறுத்தவரை இரண்டு உலகங்களாக இருக்கிறது. கீழே, மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு போகும் சமவெளியில், கரும்புத் தோகையும் மக்காச்சோளத் தட்டையும் தின்னும் ஜெர்சி கலப்பினப் பசுக்கள் பாலுக்காக வளர்க்கப்படுகின்றன. மேலே, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை வட்டத்தில், மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிடும் சரிவுகளில், உடல் சிறுத்த நாட்டு மாடுகள் ஏருக்கும் எருவுக்குமாக மேய்கின்றன. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இம்மலையில் சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் குறைவாக இருப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. மனிதருக்கான மருத்துவ ஊர்தியே போய்ச் சேரத் தடுமாறும் குக்கிராமங்களில் கன்றுக்கான முதலுதவி அண்டை வீட்டாரின் கையில்தான் இருக்க முடியும். எனவே அந்தக் கை என்ன செய்கிறது என்று ஆராய்வதை, அறியாமையைச் சுட்டிக்காட்டும் வேலையாகக் கொள்ளக் கூடாது. அந்த வட்டாரத்தில் உண்மையில் இயங்கும் மருத்துவ அமைப்பு அதுவே.

தூக்கி நிறுத்தும் முறைக்கு அடிப்படையான பட்டறிவு சரியானது. ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்த மாடு தேறாது என்பதை மாடு வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். அதற்கான அறிவியல் விளக்கம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாகக் கிடைத்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டர் காக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்ற பசுக்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரு பின்னங்கால் உடலுக்கு அடியில் மடங்கியிருக்குமாறு பல மணி நேரம் கிடத்தியபோது, அவற்றுள் ஒரு பகுதி மயக்கம் தெளிந்த பின்னும் எழ முடியாமலே போயிற்று. உடலின் எடை தொடைத் தசையை நசுக்க, இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை வீங்க, வீக்கம் தசையைச் சுற்றியுள்ள இறுகிய உறைக்குள் அடைபட்டு நரம்பையும் அழுத்த, முதலில் விழச் செய்த காரணம் தீர்ந்த பிறகும் மாடு விழுந்தபடியே இருந்துவிடுகிறது. படுக்கையே இரண்டாவது நோயாக மாறும் இந்த நிலையை ஊரார் கண்ணால் அறிந்திருந்தார்கள் என்பதும், அதைத் தடுக்கக் கூலி கேளாமல் நாலு வீட்டு ஆட்கள் வந்து சாக்கைப் பிடித்தார்கள் என்பதும் இம்முறையின் பெரிய வலிமை. எழாத மாட்டைக் கைவிடாமல் அதன் அருகில் இருப்பது, வேளைக்கு வேளை தண்ணீர் காட்டுவது, கால்களை உருவிவிடுவது, சூடான துணியால் ஒத்தடம் கொடுப்பது ஆகியவை தூக்குதலோடு சேர்ந்தே வருகின்றன. எந்த மருத்துவமனையும் இவ்வளவு ஆள்பலத்தை ஒரு கன்றுக்கு ஒதுக்க முடியாது.

ஆனால் மேற்சொன்ன விளக்கம் 350, 400 கிலோ எடையுள்ள பசுவுக்குப் பொருந்தும் அளவுக்கு 25 கிலோ கன்றுக்குப் பொருந்தாது. அந்த எடை தசையை அவ்வளவு விரைவாக நசுக்குவதில்லை. இளங்கன்று படுத்துக் கிடப்பதால் கெடுவதைக் காட்டிலும், அதைப் படுக்க வைத்த காரணத்தால் கெடுவதே மிகுதி. தூக்குதலின் நுட்பமான தீங்கு இங்கேதான் தொடங்குகிறது. பசுவைத் தூக்க ஆட்களும் மூங்கிலும் வேண்டும். அந்த முயற்சி தோற்றால் தோல்வி எல்லாருக்கும் தெரிந்துவிடும். கன்றையோ ஒருவரே இரு கைகளால் ஏந்தி நிறுத்திவிடலாம் என்பதால், ஏந்தியவரின் வலுவைக் கன்றின் வலுவாக வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். காலையில் நிறுத்தினால் நின்றது, உச்சிப் பொழுதில் கொஞ்சம் நின்றது, பொழுது சாய்ந்ததும் கால் துவண்டது என்று மருத்துவரிடம் சொல்லப்படும் வரலாற்றில், கன்றின் உடலில் நீர் வற்றிக்கொண்டிருந்த ஒரு முழுப் பகல் கழிந்துபோயிருக்கும். பெரிய மாட்டின் எடை ஓர் எச்சரிக்கையாகவாவது இருக்கிறது. கன்றின் எடையின்மை நோயை மறைத்துவிடுகிறது.

தூக்கும் விதத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வயிற்றின் நடுவில் மட்டும் சாக்கைக் கொடுத்துத் தொங்கவிட்டால் குடல் மேல்நோக்கி அழுந்தி, மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தை நெருக்குகிறது. ஏற்கெனவே மூச்சு வாங்கும் கன்று அந்தச் சாக்குத் தொட்டிலிலேயே துவண்டுவிடும். வாலை முறுக்கி அல்லது வாலைப் பிடித்து இழுத்து எழுப்புவது வால் எலும்பின் மூட்டுகளைப் பிசகச் செய்கிறது. வழுவழுப்பான சிமெண்டுத் தரையில் நிறுத்தப்படும் கன்றின் பின்னங்கால்கள் இருபுறமும் விரிந்துபோனால் தொடையின் உட்புறத் தசை கிழிகிறது. நோயால் விழுந்த கன்று அதற்குப் பிறகு காயத்தாலும் விழுந்ததாகிவிடும். மண்தரையும் அதன்மேல் தடிமனாகப் பரப்பிய வைக்கோலும் உள்ள மலைக் கொட்டில், இந்த ஒரு வகையில், அண்மையில் கட்டப்படும் சிமெண்டுக் கொட்டகையைவிட மேலானது. பணம் செலவழித்துக் கட்டியதே நல்லது என்னும் எண்ணம் கன்றுகளின் காலை ஒடிக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

தூக்குதலை அறவே விலக்க வேண்டியதில்லை. அதன் நோக்கத்தை மாற்ற வேண்டும். ஒரே ஒருமுறை, நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் கை கொடுத்து, மண்தரையில் தூக்கிப் பார்ப்பது மிக நல்ல பரிசோதனை. நான்கு கால்களும் துணிபோலத் தொங்கினால் உடல் முழுதும் வலு இழந்திருக்கிறது, காரணம் வயிற்றிலோ இரத்தத்திலோ இருக்கும். முன்னங்கால்கள் ஊன்றிப் பின்னங்கால்கள் மட்டும் இழுபட்டால் முதுகெலும்பையோ இடுப்பையோ பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் குளம்பு மடங்கித் தரையில் உரசினால், கன்று ஈனும்போது பலமாக இழுத்ததில் நரம்பு அடிபட்டிருக்கலாம். கால்கள் விறைத்து உடல் நடுங்கினால் நஞ்சும் வலிப்பு நோய்களும் நினைவுக்கு வர வேண்டும். நின்றும் வலியால் கால் மாற்றிக்கொண்டே இருந்தால் மூட்டுகளில் சீழ் கோத்திருக்கக்கூடும். இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடும் தூக்குதல், நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யப்படும்போது புதிதாக எதையும் சொல்வதில்லை. கன்றைத் தூக்கிப் பார்ப்பது ஆய்வு. தூக்கி நிறுத்திக்கொண்டே இருப்பது வெறும் ஆறுதல். அதே கோணிச் சாக்கில் வைக்கோலை அடைத்து விலாவுக்கு இருபுறமும் முட்டுக்கொடுத்து, கன்றை நெஞ்சின் மேல் நிமிர்ந்து அமரவைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றினால், வயிறு உப்புவதும் மூச்சுத் திணறுவதும் குறையும். சாக்கின் சரியான இடம் கன்றின் விலாப்பக்கம், வயிற்றின் அடிப்பக்கமன்று.

கால்சியம் பாட்டிலின் கதை வேறு வகையானது. அது நாட்டு வைத்தியமன்று, மருத்துவ அறிவியலின் ஓர் உண்மையான வெற்றி தவறான இடத்துக்கு இடம்பெயர்ந்தது. கன்று ஈன்ற ஓரிரு நாளில் பசு எழ முடியாமல் விழும் நோயைப் ‘பால் காய்ச்சல்’ என்பர். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடல் குளிர்ந்தே இருக்கும். சீம்பால் சுரப்புக்குக் கால்சியம் திடீரென இழுக்கப்படுவதால், 100 மில்லி இரத்தத்தில் சாதாரணமாக 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய அளவு ஏறத்தாழ 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. 1897-இல் டென்மார்க்கின் கோல்டிங் நகரக் கால்நடை மருத்துவர் ஷ்மிட், மடியில் நஞ்சு உண்டாகிறது என்று கருதி மடிக்குள் பொட்டாசியம் அயோடைடு கரைசலைச் செலுத்தினார். பின்னர் வெறும் காற்றை மடிக்குள் செலுத்துவதே போதும் என்று கண்டறியப்பட்டு, பெருவாரியாகச் செத்துக்கொண்டிருந்த பசுக்கள் பிழைத்தெழுந்தன. நஞ்சுக் கொள்கை தவறு, ஆனால் மடியின் அழுத்தம் பால் சுரப்பைத் தடுத்ததால் மருத்துவம் பலித்தது. 1925-இல் எடின்பரோவின் ட்ரையெரும் கிரெய்கும் கால்சியக் குறைவே காரணம் என்று விளக்கிய பிறகுதான் இன்றைய சிகிச்சை பிறந்தது. விளக்கம் பிழையாக இருந்தும் ஒரு முறை பலன் தரலாம் என்பதற்கும், சரியான விளக்கம் கிடைத்த பிறகே அதன் எல்லை தெரியும் என்பதற்கும் இது நல்ல சான்று. நாட்டு வைத்தியத்தை எடைபோடுவோர் இரண்டு பாதியையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பால் காய்ச்சலில் செத்ததுபோல் கிடந்த பசு, மெதுவாக இரத்தக் குழாயில் கால்சியம் ஏறியதும் ஏப்பம் விட்டு, சாணமிட்டு, சில நேரங்களில் அரை மணிக்குள்ளேயே எழுந்து நிற்கும். இக்காட்சியை ஒருமுறை கண்ட ஊர் அதை மறக்காது. அதனால்தான் எந்த மாடு விழுந்தாலும், எந்த வயதில் விழுந்தாலும், கால்சியம் என்னும் சொல் முதலில் வாயில் வருகிறது. ஆனால் பால் கறக்காத கன்றுக்கு அந்தத் திடீர் இழப்பு நேர்வதே இல்லை. எலும்பு வளைந்து மெலியும் ‘ரிக்கெட்ஸ்’ வகைக் குறைபாடு மெல்ல மெல்ல வருவது. நெடுநாள் பாலை மட்டுமே குடித்து வளரும் கன்றுக்கு வரும் வலிப்பு, மெக்னீசியக் குறைவால் வருவது. நீர் வற்றி இதயம் தளர்ந்த கன்றுக்கு, பெரிய மாட்டுக்கான 450 மில்லி பாட்டிலை அளவறியாமல் விரைந்து ஏற்றினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடும். பாட்டில் ஏறியவுடன் கன்று இறந்தால் வீட்டார் நேரம் சரியில்லை என்பர். உண்மையில் மருந்தின் இடமே சரியில்லை.

சூடு போடுவதைப் பற்றி நெடுக எழுத வேண்டியதில்லை. ஐரோப்பியக் குதிரை வைத்தியத்திலும் இது நெடுங்காலம் இருந்தது. ஆகவே இதைத் தமிழ்ச் சிற்றூர்களின் தனி அறியாமையாகக் காட்டுவது நேர்மையாகாது. பலன் தருவதுபோல் தோன்றுவதற்கும் காரணம் உண்டு: கொசுவாலும் பூச்சிக்கடியாலும் பரவும் ‘மூன்று நாள் காய்ச்சல்’ போன்ற நோய்களில் கால் பிடித்துப் படுத்த மாடு பெரும்பாலும் மூன்று நாளில் தானாகவே எழுந்துவிடும், இடையில் போட்ட சூட்டுக்கு அந்தப் பெருமை போய்ச் சேரும். கன்றின் மெல்லிய தோலில் இட்ட சூடு புண்ணாகிப் புழு வைக்கிறது, நோயைத் தொடுவதில்லை. இம்முறைக்கு ஆதரவாக எடைத்தட்டில் வைக்க எதுவும் இல்லை. மூங்கில் குழாயால் எண்ணெயையோ கஞ்சியையோ தலையை உயர்த்தி ஊற்றுவதும் ஏறத்தாழ இதே அளவு ஆபத்தானது. உறிஞ்சும் உணர்வு இழந்த கன்று விழுங்காது. ஊற்றியது புரையேறி நுரையீரலுக்குள் போய், மூன்றாம் நாள் சளிக் காய்ச்சலாக வெளிப்படும்.

பிறந்து சில வாரங்களே ஆன கன்று விழுவதற்கு மிகப் பெரும் காரணங்கள் பட்டினியும் கழிச்சலும். பசுவின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. கன்று ஏறத்தாழ வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பாலே அதன் முதல் கவசம். குடல் அப்பொருள்களை அப்படியே உறிஞ்சும் திறன் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளுக்குள் ஏறத்தாழ அடைபட்டுவிடும். ஆகையால் பிறந்த ஓரிரு மணிக்குள் முதல் சீம்பாலும், அரை நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை ஊட்டவிடக் கூடாது என்னும் பழக்கம் இந்தியாவின் பல பகுதிகளைப் போலத் தமிழ்நாட்டிலும் உண்டு. இதில் ஒரு வேதனையான முரண் இருக்கிறது: கன்று மடியை முட்டி ஊட்டும்போதே தாயின் உடலில் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு ஊறி, கருப்பையைச் சுருங்கச் செய்து நஞ்சுக்கொடி விழ உதவுகிறது. கொடிக்காகக் கன்றைக் காக்க வைப்பவர், கொடியையும் சேர்த்தே தாமதப்படுத்துகிறார்.

சீம்பாலுக்குப் பிந்தைய பட்டினிக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் ஆவின் கூட்டுறவுச் சங்கங்கள் பசும்பாலுக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து லிட்டருக்கு 38 ரூபாய் தந்தன. 25 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு வேண்டிய 2.5 லிட்டர் பாலை அந்த விலையில் பெருக்கினால் 95 ரூபாய். ஏர் மறைந்த சமவெளியில் காளைக் கன்றுக்கு இந்தத் தொகையைச் செலவிட எந்த ஏழைக் குடும்பத்துக்கும் மனம் துணியாது. கிடாரிக்கு ஒரு காம்பு, காளைக்கு அரைக் காம்பு என்று பங்கு குறைகிறது, மிச்சத்தைக் கஞ்சித் தண்ணீர் நிரப்புகிறது. இரைப்பை முதிராத கன்றுக்குக் கஞ்சி செரியாமல் கழிகிறது. கழிச்சலில் உடல் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு, அதாவது 25 கிலோ கன்றில் வெறும் 2 லிட்டர் நீர் போனாலே அது எழ முடியாமல் விழும். நீரோடு உப்பும் காரமும் போவதால் இரத்தம் புளித்துத் தசையும் மூளையும் சோர்கின்றன. கண் குழிந்து, காதும் வாயும் சில்லிட்டு, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் மடிப்பு உடனே மறையாமல் நிற்கும் அந்தக் கன்றுக்கு வேண்டியது தூக்குதலும் கால்சியமும் அல்ல. வெதுவெதுப்பும் நீரும் உப்பும். குழந்தைகளுக்காகத் துணை சுகாதார நிலையத்தில் தரப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் வெந்நீர் ஆறிய பதத்தில் கரைத்து, கன்று உறிஞ்சும் நிலையில் இருந்தால் சிறிது சிறிதாகப் பாலுக்கு இடைப்பட்ட வேளைகளில் கொடுக்கலாம். பாலிலேயே கலந்துவிடக் கூடாது. உறிஞ்சாத கன்றுக்கு மருத்துவர் இரத்தக் குழாயில் ஏற்றும் ட்ரிப் ஒன்றே வழி.

பட்டினிக்கும் கன்று விழுவதற்கும் உள்ள இந்தத் தொடர்பைச் செல்வம் மிகுந்த நாடுகளும் தாமதமாகவே ஒப்புக்கொண்டன. அமெரிக்க இறைச்சிக் கூடங்களில் எழ முடியாத பசுக்களை வெட்டுவது 2009-இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டபோதும், எழ முடியாத இளங்கன்றுகளைச் சற்றுச் சூடேற்றி, ஓய்வு கொடுத்து, எழுந்தால் வெட்டலாம் என்னும் விலக்கு நீடித்தது. அந்த விலக்கு 2016-இல் நீக்கப்பட்டது. சீம்பாலும் போதிய தீனியும் இல்லாமல் அனுப்பப்படும் கன்றுகளே பெரிதும் விழுகின்றன, விலக்கு இருக்கும்வரை அவற்றைச் சரியாக ஊட்ட யாருக்கும் தூண்டுதல் இல்லை என்பது அதற்கான வாதங்களில் ஒன்று. கல்வராயன் மலையின் ஒற்றைக் கன்றுக்கும் அந்நாட்டின் தொழிற்சாலைக் கன்றுக்கும் வாழ்வில் ஒற்றுமை எதுவும் இல்லை. விழும் காரணத்தில் மட்டும் இருக்கிறது.

வளர்ந்த கன்றுகளின் கதை முழுதும் மாறுபட்டது, அங்கே கைமுறைகள் ஆளுக்கே ஆபத்தாகவும் முடியும். மலையிலும் அடிவாரத்திலும் மாவு ஆலைக்காகப் பயிரிடப்படும் மரவள்ளியின் இலையிலும் பச்சைத் தோலிலும், வறட்சியில் குன்றிய சோளத்தின் மறுதாம்புத் தளிரிலும், மெல்லும்போது சயனைடு நஞ்சாக மாறும் பொருள் உண்டு. கட்டவிழ்ந்த கன்று மரவள்ளிக் கொல்லையில் புகுந்து மேய்ந்த சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்கி, தள்ளாடி விழும். இரத்தம் வழக்கத்தைவிடச் செக்கச் சிவந்திருக்கும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் உடனே இரத்தத்தில் ஏற வேண்டிய அந்த நிமிடங்களைச் சாக்குத் தேடுவதில் கழிக்க முடியாது. ஜவ்வரிசி ஆலைக் கழிவான திப்பியையோ, அரிசியையோ அளவுக்கு மிஞ்சித் தின்ற கன்றும் இரைப்பை புளித்துப் படுக்கும். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள, அதுவும் கொழுகொழுவென்று இருக்கும் கன்று மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று காற்று நகரும் ஓசையோடு விழுந்தால், அது சப்பை நோய். ஓரிரு நாளில் உயிர் போகும். அந்தக் கன்று இறந்தால் உடலைத் திறந்து பார்க்கவும் கூடாது, தோலுரிக்கவும் கூடாது. நோய்க் கிருமியின் வித்துகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடு இருக்கும், ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை. மழைக்கு முன் போடும் ஒரு தடுப்பூசி இந்நோயை ஏறத்தாழ முழுதும் தடுத்துவிடும் என்பதால், சப்பை நோயால் விழும் ஒவ்வொரு கன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு.

நாய் கடித்த கன்று வாரங்கள் கழித்துப் பின்னங்கால் தளர்ந்து, எச்சில் ஒழுக விழுமாயின் வெறிநோயை எண்ண வேண்டும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டுப் பார்ப்பது நம் ஊர்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. இது ஒன்றை மட்டுமாவது ஒவ்வொரு மாட்டுக்காரரும் அறிந்திருக்க வேண்டும்: காரணம் தெரியாமல் எச்சில் வடிக்கும் கன்றின் வாயில் கை வைக்கக் கூடாது; வைத்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

குறை ஊராரிடம் மட்டும் இல்லை. 1962 என்னும் எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. மாவட்ட எல்லையை அடுத்துச் சேலம் மாவட்டத் தலைவாசலில் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்ட கால்நடை உயர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் சாலையற்ற சரிவில் சயனைடு நஞ்சுக்கு ஊர்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அரசு மருத்துவத்தின் பழக்கமும் பாலை மையமாகக் கொண்டதே: சினை ஊசியும் மடிநோயும் பெறும் கவனத்தில் சிறு பங்கைக்கூடக் கன்று பெறுவதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி, மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு கொண்ட கைமருந்தை அளவு குறித்து, எங்கும் திரும்பச் செய்யத்தக்க முறையாக ஊர்களுக்குக் கொண்டு சேர்த்தார். ஊரறிவை மதிப்பதென்றால் இப்படி அளந்து மதிப்பதுதான். விழுந்த கன்றுக்கான ஊர்முறைகளும் அதே உழைப்புக்கு உரியவை. சுய உதவிக் குழுக்களிலிருந்து பயிற்சி பெறும் ‘பசு சகி’ பெண்கள் மலைக் குக்கிராமத்துக்கு ஒருவர் இருந்து, அவர் கையில் வெப்பமானி ஒன்றும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் தொப்புளுக்கான அயோடினும் இருந்தால், முதல் ஆறு மணி நேரம் வீணாகாது.

எழாமலே போகும் கன்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். முதுகெலும்பு முறிந்த கன்றை, எறும்பு மொய்க்க, நாட்கணக்கில் கிடத்தி வைத்திருப்பது இரக்கத்தின் பெயரால் நடக்கும் கொடுமை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே வதையாகும் நிலையில் உள்ள விலங்கின் உயிரை முடிக்கக் குறிப்பிட்ட சூழல்களில் வழி வைத்திருக்கிறது. கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையைப் பாடமாகப் படித்த மக்களுக்கு இதைச் சொல்வது எளிதன்று. ஆயினும் அந்தக் கதையின் பசு நீதி கேட்டது கன்றின் துன்பத்துக்காகத்தான். நிமிர்ந்து அமர்ந்து, தீனி தின்று, எழ முயலும் கன்றுக்குப் பல நாள் காத்திருக்கலாம். பக்கவாட்டில் சாய்ந்து, உறிஞ்சாமல், ஒரு நாள் சிகிச்சைக்குப் பிறகும் மாற்றமின்றிக் கிடக்கும் கன்றைப் பற்றிய முடிவை மருத்துவரோடு பேசிவிட வேண்டும்.

கள்ளக்குறிச்சியின் மாடு வளர்ப்போரிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. கன்று விழுந்தால் முதலில் வைக்கோலைப் பரப்பி, நிமிர்த்தி அமரவைத்து, உடலைச் சூடாக்கி, ஒருமுறை மட்டும் தூக்கிப் பார்த்து, கண்டதை அப்படியே 1962-இல் சொல்லுங்கள்; அடுத்த ஈற்றில் கொடி விழக் காத்திராமல் கன்றை மடிக்கு விடுங்கள்.